ஷெஃபீல்டுக் குளிரும் செங்காங் ஏர்கானும்

போன ஜனவரியில் ஓர் இரவு, மணி இரண்டுக்குப் போன் அடித்தது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் படிக்கும் அண்ணன் மகள். அங்கே அப்போது மாலை ஆறு. நடுராத்திரி அழைப்பு என்றாலே வயிற்றைப் பிசையும். பதறிப்போய் எடுத்தேன்.

"சித்தப்பா, ஹீட்டர் போட்டுத்தான் இருக்கேன். தலைப்பக்கம் சூடா இருக்கு, காலு மட்டும் விறைச்சுப் போவுது. ரூமுக்குள்ளயே காத்து அடிக்குது சித்தப்பா."

நான் இருபத்தாறு வருடமாக ஏர்கான் மாட்டி, கழுவி, பழுது பார்த்துப் பிழைக்கிறவன். குளிர் போடுகிறவனிடம் வந்து சூடு கேட்கிறாளே என்று சிரிப்புத்தான் வந்தது. படுக்கையில் புரண்டு யோசித்தபோதுதான் புரிந்தது, அவள் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாள். சிங்கப்பூரில், எங்கள் செங்காங் வட்டாரத்தில் ஓர் அறையைக் குளிராக வைத்திருப்பதும் ஷெஃபீல்டில் ஓர் அறையைச் சூடாக வைத்திருப்பதும் ஒரே வேலை. திசை மட்டும் மாறும். மறுநாள் தொடங்கி நாலைந்து தடவை வீடியோவில் பேசி அவளுக்கு விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளைக் குளிர்நாட்டுக்குப் படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோருக்கு உதவும். இங்கேயே இருப்பவர்களுக்கும் மின்கட்டணத்தில் கொஞ்சம் உதவும்.

முதலில் ஓர் அளவு மனதில் இருக்கட்டும். சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19 டிகிரி. 1989 பிப்ரவரியில், பாய லேபாரில். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் 22 டிகிரிக்கு இறங்கினாலே நாம் பீரோவில் ஸ்வெட்டர் தேடுவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுச் சுகாதார வழிகாட்டியோ, குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது. அதாவது நம் ஊர் கண்ட மிகக் குளிர்ந்த பொழுதைவிட ஒரு டிகிரி குறைவாக இருந்தால் அங்கே அது போதுமான கதகதப்பு. அந்த 18ஐ எட்டவே முடியாத வாடகை அறையில்தான் நம் பெண் உட்கார்ந்திருந்தாள்.

மீன்பெட்டி

தேக்கா சந்தை மீன்கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் வெள்ளை ஸ்டைரோஃபோம் பெட்டியை எல்லாரும் பார்த்திருப்போம். விடியற்காலையில் ஐஸ் கொட்டி மூடினால் மத்தியானம் வரை தாங்கும். அதே பெட்டியை நன்றாகக் கழுவி, ஆவி பறக்கும் பிரியாணிச் சட்டியை உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். சட்டியும் மத்தியானம் வரை ஆறாது. பெட்டிக்குக் குளிர் எது, சூடு எது என்று தெரியாது. சூடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் வேகத்தை அது குறைக்கிறது, அவ்வளவுதான்.

சூட்டின் குணம் எளிமையானது. கூடுதலாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். செங்காங்கில் வெளியே 31 டிகிரி, அறைக்குள் 25 என்றால் சூடு உள்ளே வர முட்டும். ஷெஃபீல்டில் உள்ளே 20, வெளியே 5 என்றால் வெளியே போக முட்டும். இங்கே இடைவெளி 6 டிகிரி, அங்கே 15. முட்டுகிற பலம் அங்கே இரண்டரை மடங்கு. நாம் கதவு விஷயத்தில் அசட்டையாக இருந்தால் பில்லில் சில வெள்ளி கூடும். அவர்கள் அசட்டையாக இருந்தால் கால் விறைக்கும்.

சூடு போகிற வழிகள் மூன்று. சுவர், கண்ணாடி, கூரை வழியாக ஊறிப்போவது ஒன்று. இடுக்குகள் வழியாகக் காற்றோடு சேர்ந்து போவது இன்னொன்று. வெளிச்சம் போலத் தொடாமலே பரவுவது மூன்றாவது. பாடப்புத்தகம் முதலாவதிலிருந்து தொடங்கும். வாடகை வீட்டில் இருக்கும் மாணவியால் சுவரையா இடித்துக் கட்ட முடியும்? அதனால் இடுக்கிலிருந்தே தொடங்குவோம். செலவும் அதில்தான் குறைவு.

ஊதக்காற்று

எங்கள் அம்மா ஊர்ப்பக்கம் மார்கழியில் திண்ணையில் உட்கார்ந்தால் "ஊதக்காத்து படுது, உள்ள போ" என்பார்கள். அதற்கு வாடை என்று அழகான பழைய சொல் ஒன்றும் உண்டு. வடக்கிலிருந்து வருகிற காற்று. இந்த ஊரில் வாடை என்றால் மீன் வாடை, நசிலெமாக் வாடை என்றாகிவிட்டது. ஆகவே ஊதக்காற்று என்றே வைத்துக்கொள்வோம். மூடிய வீட்டுக்குள், நாம் கேட்காமல், எங்கிருந்தோ கசிந்து வந்து மேலே படும் குளிர்காற்று.

இடுக்கை நாம் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம். கதவின் அகலம் 90 சென்டிமீட்டர், அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி என்று வையுங்கள். பார்வைக்கு அது வெறும் கோடு. பெருக்கினால் 90 சதுர சென்டிமீட்டர், ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பூரியின் அளவு. கதவின் நடுவில் பூரி அளவுக்கு ஓட்டை இருந்தால் யாராவது சும்மா இருப்போமா? அடியில் நீளமாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

அவள் கால் மட்டும் ஏன் விறைத்தது? சூடான காற்று லேசு, மேலே ஏறும். ஏறிய காற்று கூரையோரம், ஜன்னலின் மேல்விளிம்பு, புகைபோக்கி என்று கிடைத்த இடுக்கில் வெளியேறும். வெளியேறியதை ஈடுகட்ட அதே அளவு காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அது கதவடியிலும் தரைப்பலகை இடுக்கிலும் நுழைகிறது, 5 டிகிரியில். ஹீட்டரைக் கூட்டினால் மேலே ஏறுவது வேகமாகும், கீழே நுழைவதும் வேகமாகும். அவள் ஹீட்டரைக் கூட்டக் கூட்டக் கால் விறைத்ததன் ரகசியம் இதுதான்.

நம் வீட்டில் இது தலைகீழ். ஏர்கான் அறையில் குளிர்ந்த காற்று கனம், கீழே இறங்கிக் கதவடியில் வெளியே வழிந்துவிடும். மேலிருந்து புழுக்கம் நுழையும். எங்கள் வீட்டுப் பூனைக்கு இந்தப் பாடம் யாரும் நடத்தியதில்லை. இரவு எங்கள் அறைக் கதவுக்கு வெளியே, அந்த இடுக்கில் மூக்கை வைத்துத்தான் படுக்கும். (வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரிலிருந்துதான் அனுமதி. அதற்கு முந்தைய வரலாற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.)

கொஞ்சம் கணக்குப் போடுவோம், பயப்படாதீர்கள். மூன்று மீட்டருக்கு நாலு மீட்டர் அறை, இரண்டரை மீட்டர் உயரம். 30 கன மீட்டர் காற்று, எடை 36 கிலோ. காற்றுக்கு எடை உண்டு என்பதை நம் தொழிலில் முதல் வருடமே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அந்த 36 கிலோவை 5 டிகிரியிலிருந்து 20க்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.15 யூனிட் மின்சாரம் ஆகும். ஒரு தடவைக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஆனால் ஓட்டை அறையில் மணிக்கு இரண்டு தடவை மொத்தக் காற்றும் மாறிவிட்டால், ஒரு நாளைக்கு 7 யூனிட்டுக்கு மேல் வெறுங்காற்றைச் சூடாக்கவே போகும். இடுக்குகளை அடைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று குறைத்தால் 2 யூனிட்டுக்கும் கீழே வந்துவிடும். அறை அதே, ஹீட்டர் அதே.

யூனிட் கணக்கில் வராத நட்டம் ஒன்றும் உண்டு. நம் தோலை ஒட்டி வெதுவெதுப்பான ஒரு மெல்லிய காற்றுப் படலம் எப்போதும் இருக்கிறது. காற்று வீசினால் அந்தப் படலம் கலைந்துவிடும். மின்விசிறிக் காற்றில் நமக்குச் சுகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெப்பமானியில் எந்த மாற்றமும் இல்லாமலே உடம்பு குளிர்ந்ததாக உணரும். நாம் காசு கொடுத்து மாட்டுகிற அந்த வேலையை அங்கே கதவிடுக்கு இலவசமாகச் செய்கிறது. 20 டிகிரி அறையில் ஊதக்காற்றோடு உட்கார்வதைவிட, 18 டிகிரி அறையில் காற்றசைவு இல்லாமல் உட்கார்வது மேல் என்பது என் கட்சி.

ஊதுபத்தி வைத்துத் தேடு

"எங்கேருந்து வருதுன்னே தெரியலையே சித்தப்பா" என்றாள். அவளிடம் எல்லாக் கருவியும் இருந்தது, தெரியவில்லை அவ்வளவுதான். அண்ணி பெட்டியில் வைத்து அனுப்பிய ஊதுபத்தி.

கட்டடங்களில் காற்றுக்கசிவைச் சோதிக்கும் தொழில்காரர்கள் வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள்ளும் வெளியிலும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கி, எவ்வளவு காற்று கசிகிறது என்று அளப்பார்கள். ஜெர்மனியில் தொடங்கிய 'பாசிவ் ஹவுஸ்' என்ற கட்டுமான முறையில், அந்தச் சோதனையின்போது மணிக்கு 0.6 தடவைக்கு மேல் வீட்டுக்காற்று மாறக் கூடாது. மீன்பெட்டிக்கு மூடி போட்ட மாதிரி. அந்தத் தொழில்காரர்களும் எந்த இடுக்கு என்று கண்டுபிடிக்கப் புகையைத்தான் காட்டுகிறார்கள். நம் ஊதுபத்தி அதே வேலையைச் செய்யும். காற்று பலமாக அடிக்கும் ஒரு நாளில், ஹீட்டரை ஓடவிட்டு, ஊதுபத்தியை இடுக்குகளின் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். புகை நேராக எழுந்தால் ஒன்றுமில்லை. உள்பக்கம் சாய்ந்தால் காற்று நுழைகிறது. வெளிப்பக்கம் இழுபட்டால் சூடு போகிறது. திரைச்சீலைக்குக் கிட்டே கொண்டுபோகாதே, புகை எச்சரிக்கைக் கருவிக்கு நேர் கீழே நிற்காதே என்று இரண்டு தடவை சொன்னேன். கேட்டாளா? இல்லை. மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் கீழே இறங்கி வந்துவிட்டார்களாம். ஊதுபத்தி வேண்டாம் என்றால் புறங்கையை நனைத்துக்கொண்டு தடவிப் பார்த்தாலும் தெரியும்.

அவள் அறை பழைய செங்கல் வீட்டின் தரைத்தளம். மேலும் கீழும் சறுக்கித் திறக்கிற மரச்சட்ட ஜன்னல். இரண்டு சட்டங்களும் நடுவில் சந்திக்கும் கோட்டில் புகை ஆடியது. தரையும் சுவரும் சேரும் மூலையில் ஆடியது. வாசற்கதவில் தபால் போடுகிற துவாரத்திலும் ஆடியது. ஆனால் பெரிய திருடன் வேறு இடத்தில் இருந்தான். ஒரு சுவரில் பழைய கணப்படுப்பு. அதன் முன்னால் இவள் பெட்டிகளை அடுக்கி மறைத்து வைத்திருந்தாள். பெட்டியை நகர்த்தி ஊதுபத்தியைக் காட்டினால், புகை அப்படியே புகைபோக்கிக்குள் உறிஞ்சப்பட்டது. அறையின் சூட்டுக்கு வானம் வரை ஒரு குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி. நம் ஊர் வீடுகளில் புகைபோக்கி என்ற ஒன்றே இல்லாததால், அது ஓட்டை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அடைப்பதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. ஜன்னல் சட்டத்துக்கும் கதவு நிலைக்கும் ஒட்டுப்பசையோடு வரும் நுரைப்பட்டை அல்லது ரப்பர் பட்டை. தபால் துவாரத்துக்குத் தூரிகை வைத்த மூடி. கதவடிக்கு ஆங்கிலேயர்கள் துணியில் நீளமான பாம்பு மாதிரி ஒன்று தைத்துப் போடுவார்கள், கடையிலும் விற்கும். பழைய கைலியைச் சுருட்டிக் கயிறு கட்டினால் அதுவே போதும் என்று சொல்லிவிட்டேன். கணப்படுப்பை யாரும் பற்றவைப்பதில்லை என்று வீட்டுக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, புகைபோக்கிக்குள் ஊதி அடைக்கும் பலூன் ஒன்றை வாங்கி வைத்தாள். புகைபோக்கியில் ஈரம் தங்காமல் இருக்கக் கொஞ்சம் காற்று போக இடம் விட வேண்டும். அடைத்திருக்கிறது என்று ஓர் அட்டையும் தொங்கவிட வேண்டும். அடுத்து வருகிற ஆள் தெரியாமல் தீ மூட்டிவிடக் கூடாதல்லவா.

ஒரு சனிக்கிழமை வேலை. அன்றிரவு போன் வரவில்லை. நானும் தூங்கினேன்.

சுவருக்கும் கண்ணாடிக்கும் போர்வை

இடுக்கை அடைத்த பிறகுதான் போர்வைக்கு மதிப்பு. கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு இடையே காற்றை நகரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அசையாத காற்றைப் போலச் சூட்டைத் தடுக்கும் மலிவான பொருள் வேறில்லை. ஸ்டைரோஃபோமில் ஏறக்குறைய 98 விழுக்காடு காற்றுத்தான், மிச்சம்தான் பிளாஸ்டிக். இரண்டரை சென்டிமீட்டர் மீன்பெட்டிச் சுவர் தடுக்கும் சூட்டைத் தடுக்க, கான்கிரீட்டில் கட்டினால் ஒரு மீட்டர் தடிமன் தேவை. கான்கிரீட் கனமாக இருக்கிறதே, நன்றாகத் தாங்கும் என்று நினைப்பது நம்மில் பலருக்கு உள்ள பழக்கம். பாரம் தாங்கும். சூட்டைத் தாங்காது. பிரிட்டனில் வீட்டுக் கூரைக்கு அடியில் 270 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பஞ்சுப் பாய் விரிக்கச் சொல்கிறார்கள் என்றால், மேலே போகிற சூட்டின் அளவை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கண்ணாடிதான் அறையிலேயே நோஞ்சான். ஒற்றைக் கண்ணாடி போட்ட ஒன்றரை சதுர மீட்டர் ஜன்னல் வழியாக, 15 டிகிரி வேறுபாட்டில், 120 வாட் அளவுக்குச் சூடு போய்க்கொண்டே இருக்கும். நடுவில் வாயுவை அடைத்த நவீன இரட்டைக் கண்ணாடி என்றால் 30 வாட் சொச்சம். வாடகைக்கு இருப்பவர் இரட்டைக் கண்ணாடி போட முடியாது. ஆனால் சட்டத்தைச் சுற்றி இருபுறப் பசை டேப் ஒட்டி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டி, தலைமுடி உலர்த்தியால் சூடுகாட்டினால் தாள் சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைத்து நிற்கும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் அசையாத காற்று சிக்கிக்கொள்ளும். இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. ஒட்டிய பிறகு படம் எடுத்து அனுப்பினாள். சுருக்கம் விழுந்திருந்தது, பரவாயில்லை.

இன்னொரு விஷயம், பலர் இதை ஊதக்காற்று என்று தவறாக நினைத்துக்கொள்வார்கள். எல்லா இடுக்கையும் அடைத்த பிறகும் ஜன்னலோரம் உட்கார்ந்தால் குளிரும். இரண்டு காரணம். குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட அறைக்காற்று கனமாகி, கண்ணாடியை ஒட்டிக் கீழே வழிகிறது. வெளியிலிருந்து ஒரு துளிக் காற்றும் வராமலே காலில் குளிர்காற்று படும். குளிர்நாட்டில் சுடுநீர் ஓடும் இரும்புப் பலகையை ஜன்னலுக்கு நேர் கீழே பொருத்துவதன் காரணம் அதுதான், வழிகிற குளிரை அங்கேயே மறித்துத் தூக்கிவிட. இரண்டாவது, உங்கள் உடம்பின் சூடு அந்தக் குளிர்ந்த கண்ணாடியை நோக்கித் தொடாமலே போகிறது. மேற்கு வெயில் விழும் வீட்டில் இருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் நன்றாகத் தெரியும். இரவு எட்டு மணிக்கு ஏர்கான் 24 காட்டும், ஆனால் அந்தச் சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டிப் படுக்க முடியாது. வெப்பமானி காற்றை அளக்கிறது. நம் தோல் சுவரையும் சேர்த்து அளக்கிறது.

ஆகவே கனத்த திரைச்சீலை, பொழுது சாய்ந்ததும் இழுத்து மூடு. பகலில் வெயில் எட்டிப் பார்த்தால் திறந்து வை. திரை அந்தச் சுடுநீர்ப் பலகையை மூடிக்கொண்டு தொங்கினால் மொத்தச் சூடும் திரைக்குப் பின்னால் ஏறிக் கண்ணாடி வழியே தெருவுக்குப் போய்விடும், அதனால் பலகைக்கு மேலேயே முடிகிற நீளம் வேண்டும். தரைக்கு ஒரு பழைய கம்பளம். ஆளுக்குப் போர்வை. அறையைச் சூடாக்கும் விசிறி ஹீட்டர் 2000 வாட் தின்னும். மின்போர்வை 100 வாட் அளவில் ஆளை மட்டும் சூடாக்கும். படிக்கிற பிள்ளைக்கு எது கட்டுப்படியாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஈரம் எந்தப் பக்கம் போகிறது

இந்தப் பகுதியைத்தான் நம் ஊர்க்காரர்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். அவளும் அப்படித்தான்.

இடுக்கை அடைத்த பத்து நாளில் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது என்றாள். ஜன்னல் கட்டையில் கறுப்பாகப் பூஞ்சணம் வேறு. காரணம் சுலபம். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும். வெளியே பூஜ்யமாக இருக்கும் இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உள்பரப்பு 5 டிகிரிக்கு இறங்கிவிடும். நல்ல இரட்டைக் கண்ணாடியில் 16 டிகிரி இருக்கும், படியாது. பிளாஸ்டிக் தாளின் ஓரத்தில் ஒட்டு விட்டிருந்த இடத்தில்தான் அவளுக்கு வழிந்தது.

சரி, ஈரம் எங்கிருந்து வந்தது? அவள் சோறு வடிக்கிறாள், குழம்பு கொதிக்கிறது, வெந்நீரில் குளிக்கிறாள், துவைத்த துணியை அறைக்குள்ளேயே காயப்போடுகிறாள். முன்பு இந்த ஈரமெல்லாம் ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அடைத்துவிட்டோம்.

"காலையில பத்து நிமிஷம் ஜன்னலத் தொறந்து வைம்மா" என்றேன்.

"வெளிய மழை சித்தப்பா! தொறந்தா இன்னும் ஈரம்தான வரும்?"

சிங்கப்பூர்க்காரி கேள்வி. இங்கே அது சரி. மழைநாளில் ஜன்னலைத் திறந்தால் அப்பளம்கூட நமத்துப்போகும். ஆனால் குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தூக்க முடியாது. 5 டிகிரியில், கொட்டும் மழையில், இனி தாங்காது என்ற அளவுக்கு ஈரம் நிறைந்த காற்றாக இருந்தாலும் ஒரு கிலோ காற்றில் 5 கிராம் சொச்சம் தண்ணீர்தான் இருக்கும். அதை உள்ளே கொண்டுவந்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். வெளியே மழை பெய்தாலும் உள்ளே வருவது உலர்ந்த காற்று. ஜெர்மானியர்கள் குளிர்காலத்தில் தினமும் ஜன்னலை அகலத் திறந்து ஐந்து, பத்து நிமிடத்தில் சாத்திவிடுகிறார்கள். காற்று மாறிவிடும், சுவரும் கட்டிலும் பிடித்து வைத்த சூடு அப்படியே இருக்கும். முன்பு போட்ட கணக்கைப் பாருங்கள், மொத்தக் காற்றையும் ஒருமுறை மாற்ற 0.15 யூனிட்தான். நாள் முழுக்கக் கசியவிடுவதுதான் குடும்பத்தைக் கெடுக்கும்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். 31 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று அதே 30 கன மீட்டர் அறைக்குள் ஒரு தடவை முழுதாக நுழைந்தால், அதை 25 டிகிரிக்குக் குளிர்விக்க ஒரு பங்கு உழைப்பு. அதிலிருக்கும் கூடுதல் ஈரத்தைப் பிழிந்து எடுக்க நாலு பங்கு உழைப்பு. ஏறக்குறைய 380 மில்லி தண்ணீர், ஒரு டின் குளிர்பானத்தைவிடக் கூட. புளோக்குக்குக் கீழே நடந்தால் தலையில் சொட்டுகிறதே, அது இதுதான். ஆக இங்கே இடுக்கு வழியாக வருவது சூடு என்பதைவிடத் தண்ணீர். குளிர்க்குழாயைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் நுரை சுற்றுகிறோமே, அதுவும் வெளிக்காற்றின் ஈரம் குழாய்மேல் படியாமல் இருக்கத்தான். அந்த நுரை கிழிந்த இடத்தில் கூரைப்பலகை ஊறி மஞ்சள் வட்டம் விழுந்ததை நான் நூறு வீடுகளில் பார்த்திருப்பேன். "அலமாரி பின்னால பூஞ்சணம், ஏர்கான் ஒழுகுது" என்று கூப்பிடுவார்கள். பல நேரம் ஏர்கான் ஒழுகவில்லை. பக்கத்து அறை ஏர்கானில் குளிர்ந்த சுவருக்கு இந்தப் பக்கம், காற்றாடாத இடத்தில் அலமாரியை ஒட்டி வைத்திருப்பார்கள். ஷெஃபீல்டில் அறையின் ஈரம் கண்ணாடியின் உள்பக்கம் படிகிறது, செங்காங்கில் தாழ்வார ஈரம் சுவரின் வெளிப்பக்கம் படிகிறது.

நம் கட்டடங்கள் மேல் குற்றமில்லை. கடைவீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றமும், பழைய அடுக்குமாடி வீடுகளின் சாய்பலகைக் கண்ணாடி ஜன்னலும், முன்வாசலில் நுழைந்த காற்று பின்கட்டில் போகிற அமைப்பும் ஓட்டைகளாக இருக்க வேண்டும் என்றே கட்டப்பட்டவை. அதற்குள் கொண்டுபோய் ஏர்கானை மாட்டியது நாம். என் பிழைப்பும் அதில்தான்.

அடைக்கக் கூடாதவை

இது சின்னப் பகுதி, ஆனால் தவற விடாதீர்கள். அங்கே எரிவாயுவில் தண்ணீர் சூடாக்கும் கொதிகலன் இருந்தால், அதற்காக விட்டிருக்கும் காற்றுத்துளையை எந்தக் காரணத்துக்கும் மூடக் கூடாது. சரியாக எரியாத எரிவாயுவும் கரியும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும்; நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதற்கென்று எச்சரிக்கைக் கருவி இருக்கிறது, அறையில் இருக்கிறதா என்று பெற்றோர் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சாம்பிராணிக்கோ குளிருக்கோ மூடிய அறையில் கரி மூட்டுவது வேண்டவே வேண்டாம். தரைப்பலகைக்குக் கீழே காற்றோட விட்டிருக்கும் துளைச் செங்கலையும் வெளியிலிருந்து அடைக்கக் கூடாது, பலகை உளுத்துவிடும். ஜன்னல் தலையில் சின்ன நகர்த்தும் துவாரம் இருந்தால் அதைக் கொஞ்சமாவது திறந்து வைக்க வேண்டும்.

நமக்கும் இதில் ஒன்று உண்டு. வீட்டு ஏர்கான் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளிருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. இரண்டு பேர் படுக்கும் அறையைத் துளி இடமில்லாமல் அடைத்தால் காலையில் தலை கனக்கும். விரல் நுழைகிற இடுக்கை அடையுங்கள், மூச்சு முட்டும் அளவுக்குப் போகாதீர்கள்.

இனிமேல் பிள்ளைக்கு அறை தேடுகிறவர்களுக்கு: இங்கே 2008 முதல் ஏர்கானுக்கும் குளிர்பெட்டிக்கும் டிக் குறி போட்ட மின்சிக்கன அட்டை கட்டாயம். பிரிட்டனில் அந்த மாதிரி அட்டையை வீட்டுக்கே கொடுக்கிறார்கள். இபிசி என்பார்கள், ஏ முதல் ஜி வரை தரம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகைக்கு விடும் வீடு, சில விதிவிலக்குகள் தவிர, குறைந்தது ஈ தரத்திலாவது இருக்க வேண்டும் என்று 2018இலிருந்து படிப்படியாகச் சட்டம் வந்தது. வாடகை இருபது பவுண்டு குறைவு என்று ஈ தரத்து அறையைப் பிடித்தால் அந்த இருபதை ஹீட்டர் தின்றுவிடும். அண்ணனுக்கு இதை முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு. இயந்திரத்தின் அட்டையையே பார்த்துப் பழகியவனுக்கு, வீட்டின் அட்டையைப் பார்க்கத் தோன்றவில்லை.

இதையெல்லாம் நான் போனில் கத்திக் கத்திச் சொன்னதை வீட்டம்மா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாள் கேட்டாள், "ஊருக்கெல்லாம் சொல்றீங்க, நம்ம ரூம் கதவடியில ரெண்டு விரல் போவுது, அது எந்த நாட்டுக் கணக்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூரிகைப் பட்டை வாங்கிக் கதவடியில் திருகினேன். பதினைந்து நிமிட வேலை, இருபத்தாறு வருடமாகச் செய்யாதது. அன்றிரவு பூனை வழக்கமான இடத்தில் வந்து படுத்து, இடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்து, ஒரு தடவை கத்திவிட்டு எழுந்து போனது. இப்போது குளியலறைத் தரை ஓட்டில் படுக்கிறது. என் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.